சுழலும் முக்கோணத்தின் கதை

மெல்போர்னில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினான். சிவப்பு நிற மாஸ்டா ஆர்.எக்ஸ்-8, 2004 மாடல். "மாமா, இந்த விலைக்கு இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எங்கயும் கிடைக்காது. தினமும் இதுலயே போயிட்டு வந்துடலாம்னு இருக்கேன்" என்று கூடவே ஒரு குரல் செய்தி. விலையைப் பார்த்தேன். அதே வயதுள்ள சாதாரண குடும்பக் காருக்குக் கேட்கும் விலைதான். அவன் சேர்த்து வைத்திருந்த பணம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஏன் இவ்வளவு மலிவு? அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் குடியிருப்பில் பெரியவர்களுக்கு மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளைக் கேட்டால் 'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தில் வரும் ஆரஞ்சும் கறுப்புமான ஆர்.எக்ஸ்-7 என்பார்கள். இரண்டும் ஒரே கம்பெனிப் பெயர்தான். ஆனால் அந்த ஆர்.எக்ஸ் கார்களுக்குள் இருப்பது, நம் கார் பார்க்கிங்கில் நிற்கும் எந்த வண்டியிலும் இல்லாத இன்ஜின்.

நம் வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் சற்று உப்பிய ஒரு முக்கோணம், நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஓர் அறைக்குள் சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே ஓடும். அதனால் சுவருக்கும் முக்கோணத்துக்கும் நடுவே மூன்று இடைவெளிகள். சுழலச் சுழல அவை பெரிதாகும், சிறிதாகும். பெட்ரோல் கலந்த காற்றை இழுப்பதும் அழுத்துவதும் எரிப்பதும் புகையை வெளியே தள்ளுவதும் அந்த இடைவெளிகளில்தான் நடக்கின்றன. வால்வு, கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு எதுவும் இல்லை. இன்ஜின் சின்னது, எடை குறைவு, அதிர்வும் இல்லாத மாதிரிதான்.

எல்லாம் சரி, அந்த மூன்று முனைகளில்தான் வில்லங்கம். ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அது தேய்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் பக்கத்து அறைக்குக் கசிந்துவிடும். இன்ஜின் போனது போனதுதான். இந்த இன்ஜினின் வரலாறு முழுக்க அந்தச் சின்னப் பட்டையோடு நடந்த மல்யுத்தம் என்றே சொல்லலாம்.

இதைக் கற்பனை செய்தவர் ஃபெலிக்ஸ் வாங்கெல், 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பில்லை. கிட்டப்பார்வை மிக அதிகம்; கடைசிவரை டிரைவிங் லைசென்ஸே வாங்கவில்லை. இளம் வயதிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. உட்கட்சிப் பூசலில் 1933-ல் சில மாதம் சிறையில் இருந்தார். பிறகு அதே ஆட்சியின் விமான இன்ஜின்களுக்காக வேலை செய்தார். அவருடைய தனித்திறமையே சீல், அதாவது கசிவை அடைப்பதுதான் என்பது வேடிக்கை.

போருக்குப் பின் 1951-ல் என்.எஸ்.யு. என்ற மோட்டார் சைக்கிள், கார் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1957-ல் முதல் இன்ஜின் ஓடியது. அதில் உள்ளே இருக்கும் ரோட்டரோடு வெளிக்கூடும் சேர்ந்து சுழலும். பிளக் மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். அதே கம்பெனியின் இன்ஜினியர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை நிறுத்திவிட்டு ரோட்டர் மட்டும் சுழலும்படி மாற்றினார். வாங்கெலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னாளில் ஓடிய ரோட்டரி கார்கள் எல்லாமே பாஷ்கேயின் வழியில் வந்தவைதான்.

1967-ல் என்.எஸ்.யு. கொண்டுவந்த ரோ 80 காருக்கு மறுவருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது கிடைத்தது. சீக்கிரமே சீல் தேய்ந்து வண்டிகள் வரிசையாக ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பின. இலவசமாக இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி இளைத்தது. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் அதை எடுத்துக்கொண்டது.

இனி ஹிரோஷிமாவுக்கு வருவோம். மாஸ்டாவின் அன்றைய பெயர் டோயோ கோக்யோ. 1920-ல் தக்கை செய்ய ஆரம்பித்த கம்பெனி. அணுகுண்டு விழுந்தபோது ஒரு குன்றின் மறைவில் இருந்ததால் தொழிற்சாலை தப்பியது. 1960-களின் தொடக்கத்தில் சின்ன கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு இணைத்துவிட ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்தது. அடுத்தவரிடம் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்க முடியும் என்று தலைவர் மட்சுடா ட்சுனேஜி கணக்குப் போட்டார். ஜெர்மனிக்குப் போய் ரோட்டரி உரிமத்தை வாங்கி வந்தார்.

வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, கைக்கு வந்தது பாதி வெந்த சோறு என்று. கொஞ்ச நேரம் ஓட்டினாலே கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்கள். ஹிரோஷிமாவில் அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள் அதன் பின்னால் உட்கார்ந்தார்கள். எஜமானுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். இவர்களையும் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். சீல் செய்ய மாட்டெலும்பு, குதிரையெலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று சொல்வார்கள். கடைசியில் பட்டை தேய்வது மட்டுமே சிக்கல் இல்லை, அது அதிர்வதால்தான் கீறல் விழுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வீணைத் தந்தி போல அதற்கென்று ஓர் அதிர்வெண் இருந்தது. அதை மாற்றினால் கீறல் நின்றது. பிறகு அலுமினியம் ஊட்டிய கார்பனில் சீல் செய்து, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்கு விட்டார்கள். கையால் கட்டிய வண்டி. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான் விற்றது. ஆனால் ஜெர்மனி தோற்ற இடத்தில் ஹிரோஷிமா ஜெயித்துவிட்டது.

அடுத்த அடி 1973-ல் விழுந்தது. எண்ணெய் நெருக்கடி. ரோட்டரியில் எரியும் அறை நீளமாக, தட்டையாக, நகர்ந்துகொண்டே இருக்கும். தீ மூலைவரை போய்ச் சேருவதில்லை. சூட்டையும் சுவர் குடித்துவிடும். அதனால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும். கோடிக்கணக்கான டாலர் கொடுத்து உரிமம் வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் 1974-ல் திட்டத்தையே மூடியது. பிரான்ஸில் சித்ரோன் தான் விற்ற ரோட்டரி கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கியது, உதிரிபாகம் கொடுக்கும் பொறுப்பே வேண்டாமென்று. மாஸ்டா திவாலின் விளிம்புக்குப் போய், சுமிடோமோ வங்கி கைகொடுத்ததால் மூச்சுவிட்டது. தொழிற்சாலை ஆட்களையே ஷோரூம்களுக்கு அனுப்பி கார் விற்கச் சொன்னார்கள்.

ஆனாலும் மாஸ்டா விடவில்லை. 1978-ல் ஆர்.எக்ஸ்-7 வந்தது. இன்ஜின் அவ்வளவு சின்னதாக இருந்ததால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. வண்டியின் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமம். குடும்பக் கார்களுக்குச் சரிப்படாத இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்ததும் அதன் இடத்தைக் கண்டுகொண்டது. மூன்று தலைமுறைகளாக 2002 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் ஆர்.எக்ஸ்-7 கார்கள் விற்றன. 1991 ஜூனில் பிரான்ஸின் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் வைத்த மாஸ்டா 787பி ஜெயித்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை. கடைசிச் சுற்றை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், உடம்பில் நீர் வற்றிச் சுருண்டு விழுந்ததால் வெற்றி மேடைக்குக்கூட ஏறவில்லை.

2003-ல் வந்ததுதான் நம்ம பையன் கண் வைத்த ஆர்.எக்ஸ்-8. டர்போ இல்லை. புகை வெளியேறும் வழியைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றி மாசைக் குறைத்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த இன்ஜின் விருதும் வாங்கியது. 9,000 சுற்றுவரை ஓசைப்படாமல் ஏறும். ஆனால் ஆரம்ப மாடல்களில் முனைப் பட்டைக்கு எண்ணெய் போதவில்லை என்பதே பரவலான குறை. அமெரிக்காவில் இன்ஜினுக்கான வாரண்டியை 8 வருடமாக நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய மாசு விதிகளைத் தாண்ட முடியாமல் 2012-ல் அதன் தயாரிப்பு நின்றது.

ஆக, மலிவுக்குக் காரணம் இதுதான். வண்டியின் விலையைவிட இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு அதிகமாகிவிடும் என்ற பயம் அந்த விலையிலேயே சேர்ந்திருக்கிறது.

பையனிடம் முதலில் நான் கேட்ட கேள்வி, "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவே?" வீட்டிலிருந்து ரயில் நிலையம், நாலு கிலோமீட்டர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோட்டரிக்கு ஆகாதது அதுதான். குளிர்ந்த இன்ஜினை எழுப்பி, சூடாகும் முன் அணைத்தால், எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, சீலை நனைத்து வைத்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை சாவியைத் திருப்பினால் சுற்றும், பிடிக்காது. பின்னால் நிற்கும் வண்டிக்கு வழிவிட பத்தடி நகர்த்தி அணைப்போமே, அது போதும்! நம் பார்க்கிங்கில் ஓர் ஆர்.எக்ஸ்-8 இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. போதாததற்கு, சீல் காயாமலிருக்க இன்ஜினே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ரெண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை எண்ணெயைப் பார்த்தாக வேண்டும். வாரக்கடைசியில் நூறு கிலோமீட்டர் விரட்டுபவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த இன்ஜின் விரட்டினால்தான் ஆரோக்கியமாக இருக்கும்.

இன்னொன்றும் சொன்னேன்: "பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணு. சாதாரண மீட்டர் ஆகாது. ரோட்டருக்கு மூணு பக்கம், மூணையும் தனித்தனியா காட்டற ரோட்டரி மீட்டர் வேணும். இன்ஜின் சூடா இருக்கும்போது அணைச்சு உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார். தயங்கினா விட்டுடு."

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் அனுப்பினான். முன் ரோட்டரின் மூன்று எண்களும் ஒரே சீர். பின் ரோட்டரில் இரண்டு நன்றாக இருந்தன, மூன்றாவது மட்டும் இறங்கியிருந்தது. விற்பவர் விலையை இன்னும் குறைத்தாராம். பையன் ஒரு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

போன வாரம் இன்னொரு போட்டோ வந்தது. நீல நிறம், 2009 மாடல், இன்ஜின் புதிதாகக் கட்டிய பில்லும் இருக்கிறதாம். ரயில் நிலையத்துக்கு சைக்கிளில் போவதாக முடிவாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு அவள் நம் குடியிருப்புக்கு வருவாள். பார்க்கிறவர்கள் தயவுசெய்து வாய் தவறிச் சொல்லிவிட வேண்டாம்.