ஹெரொடோட்டஸ் செவிவழி அறிந்த பாரசீகம்

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், தம் நூலின் முதற் புத்தகத்தில் பாரசீகரின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பத்துச் சிறு பகுதிகளில் (1.131–140) தொகுத்துரைக்கிறார். இவற்றைச் சமய வரலாற்றினரே பெரிதும் எடுத்தாண்டு வருகின்றனர். ஆயினும் இவற்றினிடையே மொழி பற்றிய கூற்று ஒன்றும் உண்டு. ஏனைய செய்திகளை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை அறிய அக்கூற்றே நல்ல அளவுகோலாக அமைகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவர் பிறந்த ஹாலிகர்னாசஸ் (இன்றைய துருக்கியின் போட்ரும்) அக்காலத்தில் பாரசீக ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனவே பாரசீகரைக் காண அவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்தம் மொழியை அவர் கற்றிருந்தார் என்பதற்கு நூலில் சான்றில்லை. அவர் கண்டவை வேறு. பிறர் வாயிலாகக் கேட்டவை வேறு.

கண்ணுக்குப் புலப்படும் செய்திகளில் அவருடைய எழுத்து தெளிவாக இருக்கிறது. பாரசீகர் தெய்வங்களுக்குச் சிலையோ கோயிலோ பலிபீடமோ அமைப்பதில்லை, மலையுச்சிகளில் பலியிடுவர், ஞாயிறு, திங்கள், நிலம், தீ, நீர், காற்று ஆகியவற்றை வழிபடுவர், ஆற்றில் உமிழார், கை கழுவார். வழியில் சந்திக்கும் இருவர் ஒத்த நிலையினராயின் வாயில் முத்தமிடுவர். ஒருவர் சற்றே தாழ்ந்தவராயின் கன்னத்தில். மிகத் தாழ்ந்தவராயின் அவர் மற்றவர் முன் வீழ்ந்து வணங்குவார். குடித்திருக்கையில் எடுத்த முடிவைத் தெளிந்தபின் மீண்டும் ஆராய்வர் என்பதையும், தெளிவுடன் எடுத்ததைக் குடித்தபின் ஆராய்வர் என்பதையும் அவர் சற்றும் சிரிக்காமல் எழுதுகிறார்.

கேட்டறிந்தவற்றிலும் பல உண்மையானவை. ஐந்து வயது முதல் இருபது வயது வரை சிறுவர்க்குக் குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல் என்னும் மூன்றே கற்பிக்கப்படும் என்றும், பொய்யே அவர்களுக்கு மிக இழிவானது என்றும் கூறுகிறார். கி.மு. 520 அளவில் டேரியஸ் பெகிஸ்தூன் பாறையில் பொறித்த கல்வெட்டு இதற்குத் துணைநிற்கிறது. நாட்டில் எழுந்த கலகங்களுக்கெல்லாம் 'த்ரௌக', அதாவது பொய், காரணம் என்கிறது அது. இச்சொல் வடமொழித் 'த்ரோஹ'வுக்கு இனமானது. நம் வழக்கிலுள்ள 'துரோகம்' அதன் வழிவந்ததே. மேலும், டேரியசுடன் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றிய அறுவரின் பெயர்களை ஹெரொடோட்டஸ் தருகிறார் (3.70). அவற்றுள் ஐந்து கல்வெட்டுப் பட்டியலோடு பொருந்துகின்றன. அவருக்குச் செய்தி கூறியோர் எளியவர் அல்லர்.

இத்தகையவர் 1.139இல் கூறுவதுதான் வியப்பளிக்கிறது. பாரசீகப் பெயர்கள் யாவும் ஒரே எழுத்தில், டோரியர் 'சான்' என்றும் அயோனியர் 'சிக்மா' என்றும் அழைக்கும் எழுத்தில், முடிகின்றன என்கிறார். விதிவிலக்கே இல்லையாம். பாரசீகர் தாமே கவனிக்காத இதனைத் தாம் கவனித்ததாகவும் பெருமிதம் கொள்கிறார்.

பழம்பாரசீகத்தில் இகர, உகர ஈற்று ஆண்பாற் பெயர்கள் எழுவாய் வேற்றுமையில் ஷகரம் பெறும். கூருஷ், தாரயவௌஷ் என்பன அவ்வாறு அமைந்தவை. அகர ஈற்றுப் பெயர்களிலோ பழைய சகரம் கெட்டுவிட்டது: கம்பூஜிய, பர்திய, விஷ்தாஸ்ப. க்ஷயர்ஷா என்னும் பெயரும் உயிரீற்றதே. இவை கிரேக்கரின் வாயில் முறையே கம்பீசெஸ், ஸ்மெர்டிஸ், ஹிஸ்டாஸ்பெஸ், க்செர்க்செஸ் ஆயின. ஈற்றில் நிற்கும் சகரம் கிரேக்கம் தன் ஆண்பாற் பெயர்களுக்குத் தரும் எழுவாய் உருபாகும். ஆகவே அவர் கண்டறிந்தது பெரும்பாலும் தம் மொழியின் இலக்கணத்தையே. தமிழ் நூல்களை மட்டுமே கொண்டு, வடநாட்டு ஆடவர் பெயரெல்லாம் 'இராமன்', 'அருச்சுனன்' என னகர ஒற்றில் முடியும் என்று ஒருவர் விதி வகுப்பதை இது ஒக்கும். டேரியசின் மனைவி அட்டோசாவின் பெயர் உயிரீற்றது. அதனை அவரே பலமுறை எழுதியுள்ளார். தம் விதியோடு ஒப்பிட்டாரில்லை.

பெயர்ப்பொருள் கூறும் இடத்திலும் (6.98) இதே போக்கைக் காண்கிறோம். அப்பகுதியை இடைச்செருகல் என ஐயுறுவோரும் உண்டு. க்செர்க்செஸ் 'போர்வீரன்' என்றும், அர்டக்செர்க்செஸ் 'பெரும் போர்வீரன்' என்றும் அங்குப் பொருள் தரப்படுகிறது. கிரேக்க வடிவில் பின்னது முன்னதன் விரிவெனத் தோன்றும். மூலத்திலோ க்ஷயர்ஷா 'வீரரை ஆள்பவன்'. அர்தக்ஷஸ 'அர்த நெறியால் ஆள்பவன்'. ஒன்று மற்றொன்றின் உறுப்பன்று. இந்த 'அர்த' வேதத்தின் 'ருத'மே.

வானுலக அப்ரோடைட்டியைப் பாரசீகர் 'மித்ர' என்பர் என்னும் கூற்று (1.131) இவற்றினும் பெரிய பிழை. அவெஸ்தாவிலும் வேதத்திலும் மித்திரன் ஆண் தெய்வம். அனாஹிதா என்னும் பெண் தெய்வத்தோடு மயங்கினார் என்பர் பலர். சகரம் பெறாது 'மித்ர' என நின்ற வடிவம் கிரேக்கச் செவிக்குப் பெண்பாலாக ஒலித்திருக்கலாம் என்பது என் ஊகம். அவ்வாறாயின் 1.139இன் பிழையும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை.

அவர் எல்லாவற்றையும் ஒரே உறுதியுடன் கூறுபவரும் அல்லர். இதுவரை கூறியவற்றைத் திட்டமாக அறிந்து சொல்வதாகவும், இறந்தோர் சடங்குகளைப் பற்றியவை மறைவாகப் பேசப்படுவன என்றும் 1.140இல் பிரித்துரைக்கிறார். பறவையோ நாயோ கிழித்த பின்னரே உடல் புதைக்கப்படும் என்னும் செய்தியை, மேகியர் என்னும் குருமாரைப் பொறுத்தவரை மட்டுமே உறுதியாக ஏற்கிறார். பெயரிறுதி பற்றிய கூற்று 'திட்டமாக அறிந்த' பகுதியில் இடம்பெற்றிருப்பதுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சடங்கில் அவருக்கு ஐயம் எழுந்தது, சொல்லில் எழவில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தமிழில் வழங்கும் 'சைரஸ்', 'டேரியஸ்' என்னும் வடிவங்களும் இலத்தீன், ஆங்கிலம் வழியே அதே கிரேக்கச் சகரத்தைச் சுமந்து வந்தவை. ஹெரொடோட்டசைத் தமிழாக்குவோர் அவற்றையே கையாள வேண்டும். 'கம்பூஜிய' என்று திருத்தி எழுதினால் 1.139 பொருளற்றுப் போகும். பெகிஸ்தூன் கல்வெட்டைத் தமிழாக்குவோர் 'தாரயவௌஷ்' என்றே எழுதி, 'டேரியஸ்' என்பதை அடிக்குறிப்பில் தரலாம்.