பாயிண்ட் விலகிய வரலாறு: பெட்ரோல் கார்ப் பற்றவைப்பில் ஒரு மாற்றம், 1910–1975

பழைய கார்களில் பாயிண்டைக் கழற்றிவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்துவோர், வண்டியின் இழுவை கூடும் என்ற எதிர்பார்ப்போடுதான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள். தொழிற்சாலைகள் பாயிண்டைக் கைவிட்டதற்கு இது முதன்மைக் காரணமாக இருந்ததில்லை. அமெரிக்கக் கார்களின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்க்கையில், அந்த முடிவை விரைவுபடுத்தியது புகைச் சட்டமே என்பது புலப்படுகிறது.

சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய டெல்கோ பற்றவைப்பு 1910-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது. காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் மின்சாரத்தை பாயிண்ட் திறந்து துண்டிக்கும். அக்கணமே காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி தெறிக்கும். பாயிண்ட் கருகாதபடி ஒரு கன்டென்சர் காக்கும். எளிமையும் மலிவும் சேர்ந்த இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததில் வியப்பில்லை.

அதன் குறைகள் இரு வகை. மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டிப்பதால் பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழும். இது மின்தேய்மானம். மற்றது உராய்வுத் தேய்மானம்: கேமின்மீது உரசும் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். எட்டு சிலிண்டர் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 400 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 2.5 மில்லிநொடி, அதற்குள் பாயிண்ட் மூடி, காயில் நிரம்பி, மீண்டும் திறந்தாக வேண்டும்.

1960-களில் வந்த டிரான்சிஸ்டர் துணைப் பற்றவைப்புகள் முதல் குறையை மட்டுமே தீர்த்தன. பெரு மின்சாரத்தை டிரான்சிஸ்டர் ஏற்றது. பாயிண்ட் சிறு மின்சாரத்தில் சைகை மட்டும் தந்தது. கருகல் நின்றது, உராய்வு நிற்கவில்லை. பாயிண்டே இல்லாத டெல்கோவின் காந்தத் துடிப்பு முறை 1963 மாடல் பான்டியாக் கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. ஆக, இரண்டாம் குறைக்கும் மருந்து அப்போதே கையில் இருந்தது. ஆனாலும் கிரைஸ்லர் நிறுவனம் தன் அமெரிக்கத் தயாரிப்புக் கார்கள் அனைத்திலும் மின்னணுப் பற்றவைப்பை வழக்கமாக்கியது 1973 மாடலில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் அதைச் செய்தது. என் வாதத்துக்கு இந்தப் பத்தாண்டு இடைவெளியே வலுவான சான்று.

இடையில் நிகழ்ந்தது 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம். ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 விழுக்காடு குறைக்க அது பணித்தது. காலக்கெடு பின்னர் தள்ளிப்போனது. ஆனால் புகை அளவு 50,000 மைல் வரை வரம்புக்குள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை பாயிண்டின் அடிமடியிலேயே கைவைத்தது. அந்தத் தூரத்துக்குள் பாயிண்டைப் பலமுறை சரிசெய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும். உரிமையாளர் தவறாமல் செய்வார் என்று எந்த நிறுவனம் உறுதி தர முடியும்? 1975 மாடல்களில் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டபின் நெருக்கடி இன்னும் கூடியது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனாலும் எரியாத பெட்ரோல் அதற்குள் புகுந்து எரிந்து, அதையே பாழாக்கிவிடும்.

இன்று பழைய கார்களுக்கு விற்கப்படும் மாற்றுத் தொகுப்புகளில் பல, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்துகின்றன. கேமின்மீது ஒரு காந்த வளையம் அமரும், பாயிண்ட் இருந்த இடத்தில் உணரி அமரும். குதித் தேய்மானத்தால் வரும் டைமிங் பிறழ்வு இதோடு தீர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் அந்த ஆட்டம் முற்றிலும் மறையாது. வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னகர்த்தும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பழையனவே. இதைப் பாதி மாற்றம் என்றே நான் கொள்கிறேன். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருப்பதால் அதற்கென அமைந்த தொகுப்பையே வாங்க வேண்டும். காயிலுக்கு முன்னுள்ள தடையையும் தொகுப்புக்கு ஏற்றபடி கவனிக்க வேண்டும்.

பன்னாட்டுப் பழங்கார்ச் சங்கக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், மாற்றங்கள் மீட்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும், கழற்றிய மூலப் பாகங்கள் காருடனேயே இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பாயிண்டுக்கு இது முழுமையாகப் பொருந்தும். அதன் கோளாறு பெரும்பாலும் மெல்லத் தலைகாட்டும். மின்னணுத் தொகுதியோ முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். பழைய பாயிண்டும் கன்டென்சரும் டிக்கியில் இருந்தால், சாலையோரத்திலேயே அவற்றை மாட்டி வண்டியைக் கிளப்பலாம்.