மலையகத் தமிழரும் தமிழீழக் கோரிக்கையும்
இலங்கையின் வடக்குக் கிழக்கில் எழுந்த தனிநாட்டுக் கோரிக்கையில் மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தோட்டத் தமிழர் முழுமையாக இணைந்ததில்லை. 1972இல் உருவான தமிழர் கூட்டணியில் சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் இருந்தது. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழீழத்தை இலக்காக அறிவித்தபோது அந்தக் காங்கிரஸ் விலகி நின்றது.

அந்த விலகலைத் துரோகம் என்பது நியாயமாகாது. தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். கலவரம் மூண்டால் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் காவல் கிடையாது. அதைவிட, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. விடியலில் ஆளெடுப்பான பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்து பறித்து, ஒற்றை அறை லயத்துக்குத் திரும்பிய குடும்பத்துக்கு முதல் தேவை பிரஜாவுரிமை.

ஈழப் போராட்ட இயக்கங்களில் ஈரோஸ் மலையகத்தையும் ஈழத்துக்குள் அடக்கியது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழர் பலர் வடக்கே வவுனியா, கிளிநொச்சியில் குடியேறினர். பின்னாளில் போரின் இழப்புகளும் அவர்களைச் சேர்ந்தன. தொண்டமானோ 1978இல் இலங்கை அரசில் அமைச்சரானார். நாடற்றவராக எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழிசெய்தன.