இருமல் நின்ற பிறகும் டிபி மாத்திரை எதற்கு? நுரையீரலில் கிருமி கட்டும் செல்லுலோஸ் கூடு

வள்ளியூரோ சென்னையோ, டிபி சிகிச்சையில் அடிக்கடி நடப்பது இதுதான். மாத்திரை ஆரம்பித்து 2 மாதத்துக்குள் இருமல் குறையும், காய்ச்சல் விடும், பசி எடுக்கும். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்ற பேச்சு வீட்டிலேயே வரும். ஆனால் வழக்கமான டிபிக்கு சிகிச்சை 6 மாதம். மீதி 4 மாதம் எதற்கு?

டிபி கிருமி ரொம்ப மெதுவாக வளரும். ஒன்று இரண்டாகவே சுமார் 20 மணி நேரம் ஆகும். வளராமல் சும்மா கிடக்கும் கிருமியை மருந்து எளிதில் கொல்லாது.

இன்னொரு காரணத்தைக் காட்டியது சண்டிகரில் உள்ள இம்டெக் ஆய்வு நிறுவனம். டிபி கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. இதற்குப் பெயர் பயோஃபிலிம். காலையில் பல் தேய்க்கும் முன் பல்லில் வழவழப்பாக இருக்குமே, அதுவும் ஒரு பயோஃபிலிம்தான். டிபி கிருமியின் படலத்தில் செல்லுலோஸ் இருப்பதை 2016-ல் இந்த ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பஞ்சிலும் வாழைநாரிலும் இருக்கும் அதே செல்லுலோஸ்! 2021-ல் வந்த அடுத்த ஆய்வில், டிபி பாதித்த எலிகளின் நுரையீரலிலும் மனித நுரையீரல் திசுவிலும் அது இருப்பது தெரிந்தது. கூட்டுக்குள் இருக்கும் கிருமி மருந்தைத் தாக்குப்பிடிக்கிறது.

செல்லுலோஸை உடைக்கும் என்சைமின் பெயர் செல்லுலேஸ். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இதைச் சுரப்பதால்தான் மாட்டுக்கு வைக்கோல் செரிக்கிறது. மனித உடலில் இது சுரப்பதில்லை. ஆய்வாளர்கள் இந்த என்சைமை எலிகளுக்கு நெபுலைசர் வழியாக, டிபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்து கூடுதலாக வேலை செய்தது. கூட்டை என்சைம் பிரித்தது, உள்ளே இருந்த கிருமியை மருந்து கொன்றது.

இது எலிகளில் நடந்த ஆய்வு. மனிதர்களுக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. மெடிக்கலில் விற்கும் செரிமான என்சைம் மாத்திரையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நுரையீரலில் வேலை செய்யாது. இப்போதைக்குக் கையில் இருப்பது அந்த 6 மாத மாத்திரைதான்: முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து.

நடுவில் விட்டுவிட்டவர்கள் மீதி மாத்திரையைத் தாங்களாகவே எடுத்துச் சாப்பிடக் கூடாது. கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்று மறுபடி சளிப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சந்தேகங்களுக்கு நிக்‌ஷய் கட்டணமில்லா எண்: 1800-11-6666.