ஓய்வுக்குப் பின் எந்த ஊரில் குடியேறலாம்?

மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆக இருந்து வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் அந்த வயதை எட்டும்போது, அங்கேயே இருப்பதா, செலவு குறைந்த ஊருக்கு மாறுவதா என்று யோசிக்கின்றனர்.

கணக்கு எளிமையானது. ஊழியர் சேமநிதியில் 240,000 வெள்ளி வைத்திருப்பவர் அதை 20 ஆண்டுகளுக்குப் பிரித்தால், ஈவுத்தொகையைச் சேர்க்காமல், மாதம் 1,000 வெள்ளிதான் கிடைக்கும். கோலாலம்பூரில் வாடகை கட்டினால் மிச்சம் எதுவும் நிற்காது. அதனால்தான் தலைநகருக்கு வெளியே உள்ள சில நகரங்கள் பலரின் பட்டியலில் இடம்பெறுகின்றன.

ஈப்போ

சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த நகரம். ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை பேராவின் முதன்மை அரசு மருத்துவமனை. கச்சாங் பூத்தே தொழிலுக்குப் பேர்போன புந்தோங்கில் இந்தியர்கள் திரளாக வாழ்கின்றனர். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயில் உண்டு. இடிஎஸ் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்துவிடலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

தைப்பிங்

நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டது இங்கிருந்துதான். ஏரிப் பூங்காவில் காலை நடைக்கு நிழல் பஞ்சமில்லை. அரசு மருத்துவமனையும் இடிஎஸ் நிலையமும் உண்டு. ஆனால் தீபகற்பத்தில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று இது. பழைய வீடு வாங்குபவர்கள் கூரையையும் சுவரின் ஈரக்கசிவையும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

சுங்கை பட்டாணி

சுற்றிலும் தோட்டங்கள் இருந்ததால் தமிழர் வேரூன்றிய ஊர். சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை இங்குள்ளது. பினாங்கு அருகில் இருப்பதால், அங்குள்ள மருத்துவமனைகளுக்கும் எளிதில் போய் வரலாம். கோலாலம்பூரிலுள்ள பிள்ளைகளுக்குத்தான் தொலைவு அதிகம்.

சிரம்பான்

பிள்ளைகளை விட்டு வெகுதூரம் போக மனமில்லாதவர்களுக்கு ஏற்றது. கொமுட்டர் ரயில் உண்டு. துவாங்கு ஜஃபார் மருத்துவமனை உண்டு. தலைநகருக்கு அருகில் இருப்பதால் வடக்கு நகரங்களைப் போல மலிவை எதிர்பார்க்க முடியாது.

கேமரன் மலையின் குளிர் விடுமுறைக்கு இதமானது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும், அடிக்கடி நிபுணர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களுக்கும் அந்த வளைவுப் பாதை சிரமம் தரும்.

வீடு வாங்கும் முன்

நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மீதமுள்ளது என்பதைக் கிரானில் பார்ப்பது அவசியம். மாடி ஏற முடியாத காலம் வரும் என்பதால், கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உள்ள தரை வீடு நல்லது. அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் தொடரும். மின்தூக்கி சரியாக இயங்குகிறதா என்பதை அங்கு குடியிருப்பவர்களிடமே கேட்கலாம். அந்தத் தாமானில் வெள்ளம் ஏறியதுண்டா என்பதையும் அவர்களே உண்மையாகச் சொல்வார்கள்.

மறந்துபோகும் கேள்வி

தம்பதியர் ஊர் மாறும்போது இருவரும் சேர்ந்தே கடைசிவரை இருப்பது போலக் கணக்குப் போடுகின்றனர். பல வீடுகளில் கார் ஓட்டுபவர் கணவர் மட்டுமே. அவருக்குப் பார்வை மங்கினாலோ, அவர் முதலில் காலமானாலோ, மனைவி சந்தைக்கும் கிளினிக்கிற்கும் எப்படிப் போவார்? நடந்து போகும் தூரத்தில் கடையும், கதவைத் தட்டினால் வந்து பார்க்கும் அக்கம்பக்கமும் இல்லாத ஊர், எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒருவர் தனியே வாழ ஏற்றதல்ல.

ஆகவே இருக்கும் வீட்டை உடனே விற்றுவிடாமல், விரும்பிய ஊரில் மூன்று முதல் ஆறு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்ப்பது பாதுகாப்பானது. மழைக்காலம் அதில் அடங்கினால் இன்னும் நல்லது. அந்த மாதங்களில் கணவன், மனைவி இருவரும் தனித்தனியே ஒருமுறையாவது மருத்துவமனைக்கும் கடைக்கும் போய்வந்து பார்த்தால், அந்த ஊர் தங்களுக்குச் சரிவருமா என்பது புரிந்துவிடும்.