‘உருவை அவதானிக்க’: விழிப்புலனற்ற மாணவருக்குப் பாடநூல் நின்றுபோகும் இடம்

தெமட்டகொடையில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டில் ஒலிப்பதிவு செய்வதென்றால் இரவு பத்து மணிக்குப் பிறகுதான். பகலில் கொட்டகைக்குப் போய்வரும் ரயில் என்ஜின்களின் சத்தம். மாலையில் பேஸ்லைன் வீதி வாகனங்களின் ஹோர்ன். கைத்தொலைபேசியைத் தலையணை மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாதாரண தர விஞ்ஞானப் பாடநூலைப் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிவுசெய்வேன்.

கேட்பவர் முல்லைத்தீவைச் சேர்ந்த ஓர் இளைஞர். போர் முடிந்து குடும்பம் ஊர் திரும்பிய காலத்தில், சிறுவனாக இருந்தபோது, பற்றைக்குள் கிடந்த ஏதோ ஒன்றைக் கையில் எடுத்தார். இரண்டு கண்களும் வலது கை விரல்களும் போய்விட்டன. இடது கை விரல் நுனிகளில் உணர்ச்சி குறைவு. இப்போது அக்காவின் குடும்பத்தோடு தெமட்டகொடையில் இருந்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிறார்.

முதல் மூன்று அத்தியாயங்களைக் கேட்டு முடித்தபின் அவர் சொன்னது இது: “வடிவா வாசிக்கிறீங்கள் அக்கா. ஆனா ‘உருவை அவதானிக்க’ எண்டு சொல்லிப்போட்டு அங்கால போயிடுறீங்கள். நான் எதை அவதானிக்கிறது?”

வெட்கமாக இருந்தது. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள் நான். புகைப்படங்களுக்கு விளக்கவரி எழுதிச் சம்பளம் வாங்கியவள். அப்படியிருந்தும் எழுத்து மட்டும்தான் பாடநூல் என்று நினைத்திருக்கிறேன்.

யார் இந்த மாணவர்கள்?

அச்சில் உள்ளதை வாசிக்க முடியாதவர் என்றதும் விழிப்புலனற்றவரையே நினைக்கிறோம். சர்வதேச சட்டம் அதைவிட விரிவாகப் பார்க்கிறது. 2013 ஜூன் 27 அன்று மொரோக்கோவின் மரகேஷ் நகரில் நிறைவேற்றப்பட்ட உடன்படிக்கை மூன்று வகையினரைச் சொல்கிறது: பார்வையற்றவர்கள், பார்வைக் குறைபாட்டாலோ டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமத்தாலோ மற்றவர்களைப்போல வாசிக்க முடியாதவர்கள், உடல் வலுவிழப்பால் புத்தகத்தைப் பிடிக்கவோ தாளைப் புரட்டவோ முடியாதவர்கள். இரு கைகளையும் இழந்த ஒருவர் நல்ல கண்பார்வையோடு இருந்தாலும் இந்த உடன்படிக்கையின்படி அவருக்கும் உரிமை உண்டு. எங்கள் ஊர்களில் இது தெரிந்தவர்கள் குறைவு.

போர் இந்த வகைகளைத் தனித்தனியாக விட்டுவைக்கவில்லை. வெடிபொருள் கையில் இருக்கும்போது வெடித்தால் கண்களும் விரல்களும் சேர்ந்தே போகின்றன. பிறெயில் விரல் நுனியால் வாசிக்கப்படுவது. அந்த விரல் நுனியே இல்லாதவருக்கு மிஞ்சுவது காது மட்டும். ஷெல் துண்டு பட்டு வளர்ந்த வயதில் பார்வை இழந்தவர்களின் நிலை இன்னொன்று. ஆறு வயதில் பிறெயில் பழகும் பிள்ளையின் வேகம் முப்பது வயதில் தொடங்குபவருக்கு வருவது கடினம். ஆகவே இங்கே பிறெயில் அச்சகம் ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

பாடசாலைகள் இல்லாமலில்லை. மேரி சப்மன் 1912 இல் தொடங்கிய, இப்போது இரத்மலானையில் இயங்கும் பாடசாலை நூறாண்டைக் கடந்துவிட்டது. கைதடி நவீல்ட் பாடசாலை 1956 முதல் இயங்குகிறது. சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. இவற்றின் நிழலில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள், ஆசிரியர்களானவர்கள் பலர். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் கலைத்துறையினர். ‘விஞ்ஞானம் உங்களுக்குக் கஷ்டம்’ என்று அன்போடுதான் சொல்கிறார்கள். கஷ்டம் விஞ்ஞானத்தில் இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத படங்களில் இருக்கிறது.

ஒரு படத்தைச் சொல்வது

இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்வோம். ‘மனித இதயத்தின் நெடுக்குவெட்டு முகம்’ என்று வாசித்தால் அது படத்தின் பெயர் மட்டும்தான். மூன்று தடவை திருத்தியபின் நான் பதிவுசெய்தது இது:

“இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். கீழறைகளின் சுவர் மேலறைகளின் சுவரைவிடத் தடிப்பு. எல்லாவற்றிலும் தடிப்பானது இடது இதயவறையின் சுவர். வலது சோணையறைக்குள் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரண்டு பெருநாளங்கள் திறக்கின்றன. அங்கிருந்து முக்கூர் வால்வைக் கடந்தால் வலது இதயவறை. அதிலிருந்து சுவாசப்பை நாடி புறப்படுகிறது. சுவாசப்பையிலிருந்து திரும்பும் நாளங்கள் இடது சோணையறைக்குள் திறக்கின்றன. இருகூர் வால்வைக் கடந்தால் இடது இதயவறை. அங்கிருந்து தொகுதிப் பெருநாடி மேலெழுந்து வளைகிறது.”

முதலில் முழு அமைப்பு, பிறகு பகுதிகள். பகுதிகளையும் தாளில் கண்ணுக்குப் பட்ட ஒழுங்கில் சொல்லாமல் குருதி ஓடும் ஒழுங்கிலேயே சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் பாடம் கற்பிக்க வருவது அதைத்தான். குழாய்களின் நிறத்தை விட்டுவிட்டேன். ஒட்சிசன் கூடிய குருதி, குறைந்த குருதி என்ற வேறுபாடு பாடத்தின் வசனங்களிலேயே வருகிறது. வசனத்தில் உள்ளதைப் படவிளக்கத்தில் திரும்பச் சொன்னால் கேட்பவருக்கு அலுப்புத்தான் மிஞ்சும்.

இதற்கு முந்தைய பதிவில் ஒரு பிழை விட்டிருந்தேன். அவர்தான் பிடித்தார். “இடது எண்டுறது தாளின்ட இடதோ, ஆளின்ட இடதோ?” இதயத்தின் வலப்பக்கம் தாளில் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். கண்ணால் பார்ப்பவர் பெயரை வாசித்து இதைச் சமாளித்துவிடுவார். கேட்பவர் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பார். அந்த நெஞ்சுக்குச் சரியாகத்தான் விளக்கம் இருக்க வேண்டும்.

வரைபுகளுக்கு வேறு வழி. வேக–நேர வரைபு ஒன்றை ‘ஏறி, நேராகப் போய், இறங்கும் கோடு’ என்றால் கணக்குச் செய்ய முடியாது. 0 இலிருந்து 4 செக்கன் வரை வேகம் செக்கனுக்கு 0 இலிருந்து 8 மீற்றர் வரை சீராக ஏறுகிறது. 10ஆவது செக்கன் வரை மாறாமல் இருக்கிறது. 12ஆவது செக்கனில் 0 ஆகிறது. இவ்வளவு சொன்னால் சென்ற தூரம் 72 மீற்றர் என்பதை மாணவரே கண்டுபிடிப்பார். அந்த விடையை நாம் சொல்லக்கூடாது. பரீட்சை வினாவிலும் இதே அவதானம் தேவை. ‘பீ எனக் குறிக்கப்பட்ட பகுதி யாது?’ என்று கேட்டிருந்தால், அதன் இடத்தையும் சுவரின் தடிப்பையும் சொல்லலாம், பெயரைச் சொல்லக்கூடாது.

எல்லாப் படத்துக்கும் விளக்கம் வேண்டியதில்லை. பக்க மூலையில் சிரிக்கும் பிள்ளையின் சித்திரத்தைத் தாண்டிப் போகலாம். என் தொழிற்பழக்கம் ஒன்றையும் கைவிட வேண்டியிருந்தது. செய்திப் படத்துக்கு வரி எழுதும்போது படத்தின் அர்த்தத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். பாடநூலில் படத்தில் இருப்பதைச் சொன்னால் போதும், அர்த்தத்தை மாணவர் பார்த்துக்கொள்வார்.

விரலுக்கு வரும் படம்

சொல்லால் எட்ட முடியாத படமும் உண்டு. தேசப்படம் அதில் முதன்மை. வரலாற்று வினாத்தாளில் இலங்கைப் படத்தில் இடங்களைக் குறிக்கும் வினா வருகிறது. இதற்கு மேடுபட்ட கோடுகளால் ஆன தொடுபடம் வேண்டும். அச்சுப்படத்தை அப்படியே மேடாக்கிக் கொடுத்தால் அது உதவாது. பிறெயில் எழுத்தின் அளவைச் சுருக்க முடியாது. ஒரு கட்டம் சுமார் 6 மில்லிமீற்றர் இடம் எடுக்கும். தமிழ்ப் பிறெயிலில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுத 11 கட்டங்கள் தேவை, அதாவது 6 சென்ரிமீற்றருக்கு மேல். ஏ4 தாளில் வரைந்த இலங்கையில் குடாநாடே அவ்வளவு அகலம் இராது. ஆகவே ஓரிரு எழுத்துக் குறிகளைப் படத்தில் இட்டு, விளக்கத்தை வேறு தாளில் தருவார்கள். ஆறுகளுக்கு ஒரு தாள், மாவட்ட எல்லைகளுக்கு இன்னொரு தாள் என்று பிரிப்பார்கள். கண் ஒரே பார்வையில் எடுப்பதை விரல் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும்.

டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அசிஸ்டெக் ஆய்வுகூடம் இந்தியாவின் 9ஆம், 10ஆம் வகுப்பு விஞ்ஞான, கணிதப் பாடநூல்களின் படங்களைத் தொடுபடங்களாக்கியிருக்கிறது. ஆனால் நூல், பசை, காட்போட் மட்டை, குண்டூசி கொண்டும் நிறையச் செய்யலாம். கேத்திரகணிதத்துக்கு ஆணி அடித்த பலகையும் றப்பர் வளையமும் போதும்.

எழுத்துருவும் சட்டமும்

கணினியில் படிப்பவருக்குப் படத்துக்கு முன்னரே இன்னொரு தடை வருகிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் யுனிகோட்டில் இருந்தால் மட்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், கணினிக்கு ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். இணையத்தில் கிடைக்கும் பாடக்குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் ஏராளம் இப்படியே கிடக்கின்றன. யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. ரியூசன் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு மாலைநேர வேலை. மாற்றும்போதே வேர்ட் கோப்பிலோ ஈபப்பிலோ ஒவ்வொரு படத்துக்கும் ‘மாற்று உரை’ என்ற பெட்டியில் விளக்கத்தை எழுதிவிட்டால், அந்த இடம் வந்ததும் திரைவாசிப்பான் அதையும் வாசிக்கும்.

பதிப்புரிமை என்று பயப்படுவோர் உண்டு. மரகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 ஒக்டோபரில் இணைந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதற்கமைய 2022 இல் திருத்தப்பட்டது. உடன்படிக்கையின் வரைவிலக்கணம் எழுத்தோடு நிற்கவில்லை; எழுத்தோடு தொடர்புடைய படங்களையும் சேர்த்தே சொல்கிறது. பயனாளியோ அவர் சார்பில் பராமரிப்பவரோ அவருடைய சொந்தப் பாவனைக்காக வாசிக்கக்கூடிய பிரதி செய்யவும் அது இடமளிக்கிறது. எனவே தலையணை மேல் நான் வைத்த கைத்தொலைபேசி சட்டவிரோதமானது அல்ல. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயம், கல்வியில் நியாயமான வசதி செய்துகொடுப்பதை அரசின் கடமையாக்குகிறது. 1980 முதல் பாடநூலை இலவசமாகத் தரும் நாடு இது. அந்த இலவசம் எல்லா மாணவரின் கைக்கும் வாசிக்கக்கூடிய வடிவில் போய்ச்சேர வேண்டும்.

உடன்படிக்கையின் பெரிய பலன், நாடு கடந்த பரிமாற்றம். இந்தியாவும் கனடாவும் இதில் உறுப்பு நாடுகள். இந்தியாவின் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 ஓகஸ்டில் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஒன்றோடொன்று பிரதிகளைப் பகிரலாம். அங்கே விளக்கம் எழுதப்பட்ட இதயப் படத்தை இங்கே மறுபடி எழுதத் தேவையில்லை என்று நானும் நினைத்தேன். ஆனால் தமிழ்நாட்டில் ‘ஆக்சிஜன்’, இங்கே ‘ஒட்சிசன்’. அங்கே ‘வேதியியல்’, இங்கே ‘இரசாயனவியல்’. ‘சோணையறை’ என்ற சொல் அங்குள்ள பாடநூலில் இல்லை. பரீட்சை எழுதப்போகும் பிள்ளையிடம் இரண்டு சொற்றொகுதிகளைத் திணிக்க முடியாது. ஆகவே வருவதை வாங்கி, நம் பாடத்திட்டத்தின் சொற்களுக்கு மாற்றும் வேலை மிச்சம். புலம்பெயர்ந்த நாடுகளில் இங்கே விஞ்ஞானம் படித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். பணம் அனுப்புவதைவிட இது அவர்களுக்கு இலகுவாகவும் இருக்கலாம்.

படத்தைக் காட்டினால் விவரிக்கும் செயலிகளும் வந்துவிட்டன. நான் சோதித்த ஒன்று வீட்டுச் சாமான்களையும் கடைப் பெயர்ப்பலகையையும் நன்றாகவே சொன்னது. பாடநூல் படத்தில் அம்புக்குறி எங்கே முடிகிறது என்பதில் தடுமாறியது, அதையும் சந்தேகமில்லாத குரலில் சொன்னது. பார்த்துத் திருத்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நேரம் மிச்சமாகும். தனியே படிக்கும் மாணவரிடம் அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாங்கள் இப்போது ஒளியியல் அத்தியாயத்தில் நிற்கிறோம். குவிவு வில்லையின் கதிர்ப்படத்தை அவருடைய அக்கா தடித்த சணல் கயிற்றால் மட்டையில் ஒட்டினார். இடது உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக ஓட்டி, கதிர்கள் சேரும் இடத்தில் நாங்கள் ஒட்டியிருந்த சட்டைப் பொத்தானைக் கண்டுபிடித்து, “இதுதான் குவியம்” என்றார். அடுத்தது குழிவு வில்லை. அங்கே கதிர்கள் சேர்வதில்லை. பின்னால் ஓரிடத்திலிருந்து வருவதுபோலத் தோன்ற மட்டுமே செய்கின்றன. தாளில் அதற்கு முறிகோடு போடுவார்கள். மட்டையில் என்ன ஒட்டுவது, ‘தோன்றுவது’ என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.