கைப்பிடிக்குள் இருக்கும் கயிறு



இந்த மலரில் நம் கூட்டமைப்பு வளர்ந்த கதையை மற்ற சகோதரிகள் எழுதுவாங்க. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கியது, 1997இல் மகளிர் திட்டம் வந்தது எல்லாம் அதில் வரும். பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்ச நான் எழுதப்போறது ஒரு சின்ன சரித்திரம். நாங்க தைக்கிற தோல் பையின் உருண்டைக் கைப்பிடிக்குள் என்ன வைக்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்பதுதான். வெளியே தெரியாத பொருள். ஆனால் எங்க குழுவுக்குப் பெரிய நஷ்டம் வந்தது அதனாலதான்.

பூந்தமல்லிக்குப் பக்கத்து கிராமம் எங்களுது. குழுவில் 12 பேர். பெரியமேட்டில் தோல் வாங்கி வந்து கைப்பை தைக்கிறோம். ஒரு முறை 50 பைக்கு ஆர்டர் வந்தது. இளம் பழுப்பு நிறத் தோல். கைப்பிடிக்குள் எப்பவும் பருத்திக் கயிறுதான் வைப்போம். அந்தத் தடவை, "சணல் கயிறு வாங்கினா பைக்கு 12 ரூபாய் மிச்சம்" என்று சொன்னது நான்தான். மொத்தம் 600 ரூபாய் மிச்சம் ஆச்சு. கைப்பிடியும் கெட்டியா, அழகா வந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க.

மே மாசம் வெயில் ஏறினதும் 31 பை திரும்பி வந்தது. கைப்பிடி நெடுக எண்ணெய்க் கறை. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. யாரோ எண்ணெய்க் கையோடு தைச்சிட்டாங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அந்த மாசமும் அடுத்த ரெண்டு மாசமும் வங்கித் தவணையை எங்க சேமிப்பிலிருந்துதான் கட்டினோம். வெட்கத்தில் நான் ரெண்டு கூட்டத்துக்குப் போகவே இல்லை. எங்க ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்து, "அழுது என்ன ஆகப்போவுது? கறை எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடி. தீர்மான நோட்டுல எழுதுவோம்" என்றாங்க. அப்படித்தான் தேட ஆரம்பிச்சேன்.

தோலும் கயிறும் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. மோட்டார் வர்றதுக்கு முன்னாடி கிணற்றில் கவலை இறைப்பாங்க என்று எங்க ஆயா சொல்வாங்க. மாடு இழுக்க, வடக்கயிற்றில் சால் மேலே வரும். சாலின் அடியில் தோல் தும்பி இருக்கும். அந்தக் காலத்தில் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையில். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் 1903 வாக்கில் சென்னையில் குரோம் முறையில் பதனிட்டுப் பார்த்தார். தண்ணீரில் சீக்கிரம் கெடாது என்று கவலைக்குத் தேவையான தோலையும் அப்படிச் செய்தார். பிறகு 1912இல் தொடங்கின குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர். 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1970களில் பதனிடாத தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு தடுத்த பிறகு, செருப்பு, பை தைக்கிற வேலை இங்கே பெருகியது.

உருண்டையாகத் தைக்கிற வேலை குதிரைச் சேணம் செய்தவர்களுடையது. கடிவாள வாரை உருட்டித் தைச்சா கையை அறுக்காது. கான்பூரில் 1860களிலேயே ராணுவத்துக்குச் சேணம் செய்ய அரசு தொழிற்சாலை இருந்தது. பை கைப்பிடிக்கும் அதே காரணம்தான். தட்டை வாரில் கனம் தூக்கினா உள்ளங்கை சிவந்துபோகும்.

இப்ப சணலுக்கு வருவோம். சணல் நார் விறைப்பா இருக்கும். அப்படியே மெஷினில் நூற்க முடியாது. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் 1830களில் திமிங்கில எண்ணெய் தடவி அதை இளக்கி நூற்றாங்க. 1855இல் கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் நம் நாட்டின் முதல் சணல் ஆலை வந்தது. பின்னாளில் திமிங்கில எண்ணெய்க்குப் பதில் பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் சேர்த்தாங்க. அதனாலதான் கோணிப்பையில் அந்த வாடை. காபிக்கொட்டை, கோகோ கட்டுகிற சாக்குக்கு அந்த எண்ணெய் ஆகாது என்று தாவர எண்ணெய் போட்டு நூற்கிற வழக்கமும் பிறகு வந்தது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணீரே வந்துடுச்சு. கறை எங்க கையிலிருந்து வரலை. கயிற்றுக்குள்ளேயே எண்ணெய் இருந்திருக்கு. வெயிலில் இளகி, இளம் நிறத் தோல் வழியா வெளியே வந்திருக்கு.

மற்ற பொருள்களையும் சோதிச்சுப் பார்த்தோம். தேங்காய் நார்க் கயிறு முண்டும் முடிச்சுமா தோலுக்கு வெளியே தெரியும். நைலான் கயிற்றில் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது, உள்ளே வழுக்கும். மேட்டூரில் 1960களில் பி.வி.சி. தயாரிப்பு வந்த பிறகு பிளாஸ்டிக் டியூப் சாதாரணப் பொருளாச்சு. வழவழப்பா உருண்டையா இருக்கும், தண்ணி குடிக்காது. ஆனால் வளைவில் மடங்கும், நாளாக நாளாக விறைச்சு வெடிக்கும். ஸ்பாஞ்ச் அமுங்கிப்போகும், பிறகு பொடியா உதிரும். கம்பி வைக்கவே கூடாது. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் இரும்பு பட்டு ஈரமானா கறுத்துடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செஞ்சது அந்தக் குணத்தாலதான். தோல் துண்டையே உருட்டி வைக்கிறது ரொம்ப நல்லது, ஆனால் வேலை அதிகம்.

கடைசியில் பருத்திக்கே வந்தோம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூர் பக்கம் நூற்பாலைகள் பெருகின. அதனால் பருத்தி நூலுக்கு நம்ம நாட்டில் பஞ்சம் இல்லை. முறுக்கின கயிற்றைவிடப் பின்னின கயிறு நல்லது. வரி தெரியாது, சொல்யூஷன் நல்லாப் பிடிக்கும், வளைத்த பக்கம் வளையும்.

அளவும் சொல்லிடறேன். 10 மில்லிமீட்டர் கயிறு, ஒரு மில்லிமீட்டர் தோல் என்றால் சுற்றளவுக்கு மூணரை சென்டிமீட்டர் வேணும். தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை. ஆக நாலரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டணும். கைப்பிடி பையோடு சேரும் தட்டையான இடத்துக்கு முன்னாடியே கயிறு முடியணும். நுனியைச் சீவி மெலிசாக்கணும். இல்லைன்னா அந்த இடத்தில் திட்டு தெரியும், தோலும் அங்கேதான் கிழியும்.

எந்தக் கயிறு வாங்கினாலும் இப்ப ஒரு சோதனை செய்றோம். ஒரு முழம் வெட்டி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, மேலே அம்மிக்கல்லை வைத்து ரெண்டு நாள் வெயிலில் போடுவோம். காகிதத்தில் கறை விழுந்தா அந்தக் கயிறு வேண்டாம். இது எங்க தீர்மான நோட்டில் ஏறிடுச்சு. கீழே 12 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். முதல் கையெழுத்து என்னுது.

மற்ற குழு சகோதரிகளும் புதுப் பொருள் எது வாங்கினாலும், விலை கேட்கிறதோடு நிறுத்தாம, அது எதில் செஞ்சது, எப்படிச் செஞ்சதுன்னும் கேளுங்க. 600 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நாங்க கத்துக்கிட்டது அதுதான்.